பழைய ஹாட் ராடுக்கு அந்தக் காலத்து மீட்டர்: முகத்தை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள்

1932 ஃபோர்டின் டேஷ்போர்டில் கம்பெனி கொடுத்தது மூன்றே மீட்டர்கள்தான்: ஸ்பீடோமீட்டர், அம்மீட்டர், பெட்ரோல் மீட்டர். ஆயில் பிரஷர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. அந்த வண்டியில்தான் 65 குதிரைத்திறன் ஃபிளாட்ஹெட் வி8 என்ஜின் வந்தது. எக்ஸாஸ்ட் வழி பிளாக்குக்குள்ளேயே புகுந்து வெளியே வருவதால் சட்டென்று சூடேறிவிடும் என்ஜின் அது. தெற்குக் கலிபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் வறண்ட ஏரிப் படுகைகளில் மட்கார்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இந்த வண்டிகளை விரட்டிய பையன்களுக்கு, ஆயிலும் தண்ணீரும் கண்முன் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. சிகாகோவின் ஸ்டூவர்ட் வார்னர் கம்பெனி மீட்டர்கள் ஹாட் ராடுக்குள், அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்களுக்குள், வந்தது அப்படித்தான். அழகு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அதனால்தான் வேலை செய்யாத மீட்டரை வெறும் தோற்றத்துக்காக டேஷ்போர்டில் வைப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் நண்பர்களின் வண்டிகளுக்குப் பழைய மீட்டர் தேடிக் கொடுப்பதும் சரிசெய்து கொடுப்பதும் என் வார இறுதி வேலை. கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, டயலை ரசிப்பதற்கு முன்னால் மீட்டரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள் என்பதுதான். மங்கிய டயலோடு வாழ்ந்துவிடலாம். உள்ளே அறுந்த குழாயோடு முடியாது.

எங்கே தேடுவது

போமோனா ஃபேர்பிளெக்ஸ் மைதானத்தில் நடக்கும் பழைய கார்ச் சந்தைக்கு விடியும் முன்பே போய்விட வேண்டும். டார்ச் வெளிச்சத்திலேயே நல்ல சரக்கு கைமாறிவிடும். வடக்கே டர்லாக்கில் ஜனவரியில் ஒரு சந்தை உண்டு. கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி.

ஆனால் 'ஹாட் ராட் பார்ட்ஸ்' என்று பலகை வைத்திருக்கும் கடையில் முதலில் நிற்காதீர்கள். அங்கே ஸ்டூவர்ட் வார்னரின் இறக்கை முத்திரை போட்ட ஒரு மீட்டருக்குக் கேட்கிற விலையில், வேறு இடத்தில் நான்கு மீட்டர் கிடைக்கும். டிராக்டர் சாமான் விற்பவர், பழைய மோட்டார் படகுச் சாமான் விற்பவர், தீயணைப்பு வண்டியைப் பிரித்துப் போட்டவர், இவர்களிடம் போங்கள். கலிபோர்னியாவின் உட்புற விவசாய ஊர்களில் பாசனத்துக்கு ஓடிய என்ஜின் பம்புகளின் சின்னப் பலகைகளில் ஆயில் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் இருந்திருக்கின்றன. அந்தப் பலகைகள் இன்றும் தகரக் குப்பையோடு சந்தைக்கு வருகின்றன. விற்பவர் அதைப் பம்பின் மிச்சமாகத்தான் பார்ப்பார்.

அளவு தெரிந்துகொண்டு போங்கள். சின்ன மீட்டர்களுக்கு டேஷ்போர்டில் போடும் துளை பெரும்பாலும் 2 1/16 அங்குலம், ஸ்பீடோமீட்டருக்கு 3 3/8. முள்ளின் வடிவம், எழுத்தின் சாய்வு, கண்ணாடி தட்டையா குவிந்ததா என்பதெல்லாம் வரிசைக்கு வரிசை மாறும். ஒரு மீட்டரில் பிறை முள்ளும் பக்கத்தில் நேர் முள்ளும் இருந்தால், டேஷ்போர்டைப் பார்த்ததும் கண் அங்கேதான் போகும். ஆகவே ஒரே வரிசையில் சேருங்கள், காலம் பிடித்தாலும் பரவாயில்லை.

ராணுவ வண்டியிலிருந்து வந்ததென்றால் 24 வோல்ட்டா என்று கேளுங்கள். குழாயிலோ கேபிளிலோ இயங்கும் மெக்கானிக்கல் மீட்டருக்கு வோல்ட்டேஜ் பொருட்டில்லை, எலக்ட்ரிக் மீட்டர் என்றால் உதவாது. சன் கம்பெனியின் பழைய டாக்கோமீட்டர் (என்ஜின் சுற்று வேகம் காட்டுவது) கண்ணில் பட்டால், அதோடு வரவேண்டிய தனி டிரான்ஸ்மிட்டர் பெட்டியும் இருக்கிறதா பாருங்கள். பெட்டி இல்லாமல் முள் நகராது. பெட்டி இருந்தாலும் உள்ளே மெர்க்குரி பேட்டரி கசிந்திருக்கலாம், திறந்து பார்த்த பிறகே பணம்.

சந்தையிலேயே சோதிப்பது

என் பையில் எப்போதும் ஒரு சைக்கிள் பம்பு, அதன் ஹோஸில் 1/8 அங்குல பைப் திரெட் பொருத்தும் ஒரு பித்தளை ஃபிட்டிங், ஒரு பிளாஸ்க் வெந்நீர், ஒரு டார்ச் பேட்டரி, இரண்டு துண்டு ஒயர் இருக்கும்.

ஆயில் மீட்டருக்குப் பம்பு. மெதுவாக அடித்தால் முள் தடங்கலில்லாமல் ஏற வேண்டும், காற்றை விட்டதும் பூஜ்ஜியத்துக்குத் திரும்ப வேண்டும். அடித்து நிறுத்தியபின் முள் தானாக இறங்கினால் உள்ளே ஓட்டை.

டெம்பரேச்சர் மீட்டருக்கு வெந்நீர். அதன் குழாய் நுனியில் சூட்டை உணரும் உலோகக் குமிழ் ஒன்று இருக்கும், அதைத்தான் பல்பு என்பார்கள். அந்தப் பல்பை பிளாஸ்கில் முக்கினால் சில நொடிகளில் முள் எழும். எழவில்லையென்றால் உள்ளிருந்த ஈதர் என்ற, சட்டென்று ஆவியாகும் திரவம் போய்விட்டது. வாங்குவதற்கு முன் அந்த மெல்லிய செம்புக் குழாயை முழு நீளமும் விரலால் தடவிப் பாருங்கள். மடிந்த இடம் பெரும்பாலும் பல்பின் கழுத்திலோ மீட்டருக்குள் நுழையும் இடத்திலோ இருக்கும்.

அம்மீட்டரின் இரண்டு முனையிலும் டார்ச் பேட்டரியை ஒரே ஒரு நொடி தொட்டால் முள் துள்ளும். ஸ்பீடோமீட்டரின் கேபிள் நுழையும் சதுரத் துளையில் ஒரு சின்னக் குச்சியைச் செருகி விரலால் சுழற்றினால், முள் கொஞ்சமாவது அசைந்து திரும்பும்.

இதைத் திறக்காதீர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமான மீட்டர்கள் உபரியாக மலிவாய் வந்தன, ஹாட் ராடுகளிலும் ஏறின. இன்றும் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றின் எண்களிலும் முள்ளிலும் ரேடியம் கலந்த பெயிண்ட் இருக்கலாம். எண்கள் தடிமனாக மேடிட்டு, பழுப்பேறிய மஞ்சளாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இருட்டில் ஒளிரவில்லையே என்று நம்பிவிடக் கூடாது. ஒளிர்வது பெயிண்டில் கலந்த துத்தநாக சல்ஃபைடு, செத்துப்போனது அதுதான். ரேடியம் 226-இன் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள், ஆகவே அது கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. 1920-களில் நியூ ஜெர்சியின் ஆரஞ்சு ஊரிலும் இல்லினாய்ஸின் ஒட்டாவாவிலும், டயல்களுக்கு இந்தப் பெயிண்டைத் தீட்டுவதற்காக பிரஷ் முனையை உதட்டில் கூராக்கிய இளம்பெண்கள் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள்.

கதிர்வீச்சைக் காட்டும் கெய்கர் கவுண்டர் வைத்துப் பார்க்காமல் சந்தேகமான டயலை நான் கழற்றுவதில்லை. சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது, காற்றடித்துத் தூசி போக்குவது எதுவும் வேண்டாம். வெளியிலிருப்பதைவிட மூச்சோடு உள்ளே போகும் தூசிதான் ஆபத்து. கண்ணாடி உடைந்த விமான மீட்டரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

திறப்பது

நன்றாக வேலை செய்து, கண்ணாடியும் தெளிவாக இருந்தால் திறக்கவே வேண்டாம். வெளியே துடைத்துவிட்டு மாட்டுங்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால் பொறுமை வேண்டும்.

முகப்பு வளையம் பித்தளை, மேலே குரோம். அதன் பின் விளிம்பு டப்பாவின் உதட்டின்மேல் மடித்து உருட்டப்பட்டிருக்கும். ஒரு கனமான துணியை மேசையில் விரித்து மீட்டரைக் கவிழ்த்து வையுங்கள். முனையை உரசி மழுக்கிய சின்ன ஸ்க்ரூ டிரைவரை மடிப்புக்கும் டப்பாவுக்கும் நடுவில் விட்டு, ஒரு மயிரிழை அளவுக்குத் தூக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரின் அகலம் அளவு நகர்ந்து மறுபடி அதே அளவு. ஒரு முழுச் சுற்று முடித்து, இரண்டாம் சுற்றில் இன்னும் கொஞ்சம். நான்கைந்து சுற்றில் வளையம் தானாகக் கழன்று வரும். ஓரிடத்திலேயே முழுசாக நிமிர்த்தினால் பித்தளை அங்கே கிழியும், குரோம் உரியும், திரும்ப மடிக்கும்போது அந்த இடம் அலை அலையாகத் தெரியும். மடிப்பைத் திருப்பிப் போடும்போதும் இதே வரிசைதான், கருவி மட்டும் வழவழப்பான ஒரு மரக்குச்சி.

டயலில் கை வைக்குமுன் யோசியுங்கள். அந்த எண்கள் மெல்லிய பெயிண்ட் அச்சு. கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவம் பட்டால் துணியோடு வந்துவிடும். முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை, எழுத்தில்லாத ஓரத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு ஏறினால் அதோடு நிறுத்திவிடுங்கள். லேசாகப் பழுப்பேறிய அசல் டயல், புதிதாக அச்சடித்த டயலைவிட எனக்கு எப்போதும் உயர்வு. எண்களே உதிர்ந்துபோன டயலுக்கு மட்டும்தான் நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால்.

முள்ளுக்குப் பெயிண்ட் அடித்தால் ஒரே ஒரு மெல்லிய கோட். கனமாக அடித்தால் முள்ளின் எடை மாறி, மீட்டர் பொய் சொல்லத் தொடங்கும். டப்பாவின் உட்புற வெள்ளை மஞ்சளாகியிருந்தால் பளபளப்பில்லாத வெள்ளை அடியுங்கள், இரவில் வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரியும். வெளிச்சத்துக்கான விளக்கு பல்பு 6 வோல்ட்டுக்கு 51-ஆம் எண், 12 வோல்ட்டுக்கு 53. எல்இடி இந்த டயல்களுக்குப் பொருந்தாது. அந்த மங்கலான மஞ்சள் வெளிச்சத்துக்காக வரையப்பட்ட எழுத்துகள் இவை.

ஈதர் வேலை

ஆயில் மீட்டர் சுலபம். உள்ளே பிறை வடிவில் வளைந்த தட்டையான பித்தளைக் குழாய், பிரஷர் ஏறினால் நிமிர்ந்து முள்ளைத் தள்ளும். வாயில் அடைத்த பழைய ஆயில் பிசுக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுங்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பிறகு நல்ல மீட்டர் ஒன்றோடு சேர்த்து 20, 40, 60 பிஎஸ்ஐயில் ஒப்பிடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் முள்ளைக் கழற்றி மறுபடி பொருத்தினாலே போதும்.

டெம்பரேச்சர் மீட்டர்தான் கைத்திறன் கேட்கும் இடம். அதுவும் அதே பித்தளைக் குழாய்தான். ஆனால் பல்பும் நீண்ட மெல்லிய செம்புக் குழாயும் சேர்ந்து மூடிய ஒரே அமைப்பு, உள்ளே ஈதர். பல்பு சூடாக ஈதரின் ஆவி அழுத்தம் ஏறும், முள் நகரும். குழாய் அறுந்தால் ஈதர் பறந்துவிடும். இதற்கு வழி, விலை குறைந்த புது மெக்கானிக்கல் மீட்டர் ஒன்றின் பல்பையும் குழாயையும் வெட்டி, பழைய மீட்டரின் குழாயோடு இணைப்பது.

ஈதர் 35 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும். அதனால் முதலில் நொறுக்கிய ஐஸில் உப்பைக் கொட்டி, புது மீட்டரின் பல்பை அதில் முழுசாகப் புதைத்து நன்றாகக் குளிர விடுங்கள். ஈதர் எல்லாம் திரவமாகப் பல்புக்குள் இறங்கிவிடும். வேலை முடியும்வரை பல்பு ஐஸை விட்டு வெளியே வரக் கூடாது. இப்போது குழாயை வெட்டி, வெட்டிய முனையின் துளை நசுங்காமல் மெல்லிய அரத்தால் சீராக்குங்கள். இரண்டு முனையிலும் லேசாக ஈயம் பூசி, இரண்டையும் உள்ளடக்கும் சின்னச் செம்பு உறைக்குள் செருகி, எலக்ட்ரிக் சால்டரிங் அயர்னால் பற்றவையுங்கள். ஈயம் அதிகமானால் மயிரளவுத் துளை அடைபடும். குறைந்தால் கசியும்.

திறந்த வெளியில், பக்கத்தில் தீயே இல்லாமல் செய்யுங்கள். ஈதரின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போய்த் தூரத்துத் தீயைப் பிடிக்கும். சூடேறிய அயர்னும் தீ மூட்டக் கூடியதுதான், பல்பு வெதுவெதுப்பானதாகத் தோன்றினால் அயர்னை எடுத்துவிடுங்கள். இதுவரை மெல்லிய குழாயில் ஈயம் பற்றவைத்துப் பழகாதவர்கள் மீட்டர் ரிப்பேர் கடைக்கே அனுப்பிவிடுங்கள், அந்தப் பணம் நியாயமான பணம். முடிந்தபின் 140, 180, 212 டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீரில் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டு முள்ளைப் பொருத்துங்கள்.

மற்ற மூன்றும்

அம்மீட்டர் வழியாகத்தான் வண்டியின் சார்ஜ் மின்சாரம் முழுவதும் போகிறது. பழைய ஜெனரேட்டருக்கு 30 ஆம்பியர் அம்மீட்டர் போதும். ஆல்டர்னேட்டர் போட்ட வண்டியில் அதையே வைத்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் எரியும், அங்கே வோல்ட்மீட்டர் வையுங்கள். பின்பக்க ஃபைபர் வாஷர்கள் நொறுங்கியிருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். முள் தலைகீழாகக் காட்டினால் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் சரி.

பெட்ரோல் மீட்டரும், டேங்கிலிருந்து பெட்ரோல் அளவை அதற்குச் சொல்லும் சென்டரும் (sender) ஜோடியாக இருக்க வேண்டும். ஸ்டூவர்ட் வார்னரில் டேங்க் காலியாக இருந்தால் 240 ஓம், நிரம்பினால் 33. பிந்தைய ஃபோர்டில் 73, 10. ஒன்றோடொன்று கலந்தால் முள் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும், உண்மை சொல்லாது. மல்டிமீட்டரால் சென்டரை அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்பீடோமீட்டருக்குள் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைத் தொடாமல் மூடி நிற்கும் அலுமினியக் கிண்ணம் இழுபட்டு முள்ளைத் திருப்புகிறது. கிண்ணத்தில் ஒரு துளி ஆயில்கூடப் படக் கூடாது, தண்டு சுழலும் புஷ்ஷுக்கு மட்டும் லேசான ஆயில். அமெரிக்க வழக்கில் கேபிள் மைலுக்கு 1000 சுற்று, ஆகவே டிரில்லில் நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓட்டினால் முள் 60-இல் நிற்க வேண்டும். கேபிள் எந்தத் திசையில் சுற்றும் என்று முதலில் பாருங்கள். ரோட்டில் ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்போகவில்லை என்றால் காரணம் டயர் அளவும் பின் ஆக்சில் கியரும்தான். அதற்கு கேபிள் நடுவில் வைக்கும் ரேஷியோ அடாப்டர் உண்டு, முள்ளைத் திருப்பி இழுக்கும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்.

மாட்டுவது

பெயிண்ட் அடித்த டேஷ்போர்டில் மீட்டர்களுக்கு எர்த் கிடைக்காது, ஒவ்வொன்றின் டப்பாவிலிருந்தும் தனி ஒயர் இழுங்கள். பின்னால் யு வடிவ கிளாம்ப்பின் நட்டை விரலால் முறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று. அதற்கு மேல் போனால் டப்பா நெளியும்.

ஆயில் மீட்டரின் செம்புக் குழாய் என்ஜின் அதிர்வில் இறுகி ஒருநாள் விரிசல் விடும். என்ஜினுக்கும், உட்காரும் இடத்தை அதிலிருந்து பிரிக்கும் ஃபயர்வால் தகட்டுக்கும் நடுவில் அதை இரண்டு சுற்று வளையமாகச் சுற்றி விடுங்கள், ஃபயர்வால் துளையில் ரப்பர் குரோமெட் போடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் மீட்டர் பக்கத்து நட்டைச் சற்றுத் தளர்த்தி, காற்றுப் போய் ஆயில் எட்டிப் பார்த்ததும் இறுக்குங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, என்ஜின் சூடாக இருக்கும்போதே டார்ச் அடித்து அந்த நட்டு ஈரமாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள்.