முன் சக்கர பிரேக் டிஸ்க், பேட் மாற்றுவது எப்படி? முதல் முறை செய்பவர்களுக்கு

பிரேக்கில் கை வைக்கப் பலரும் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நல்லதுதான், வேலை முடியும்வரை அந்தக் கவனம் கூடவே இருக்கட்டும். ஆனால் கழற்ற வேண்டியது என்று பார்த்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டு சின்ன போல்ட், இரண்டு பெரிய போல்ட், சில கார்களில் டிஸ்கைப் பிடித்திருக்கும் ஓரிரு திருகாணி, அவ்வளவுதான். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. புது டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) போட்டும் பெடல் அதிருகிறது, புது பேட் (அந்தத் தட்டை இரண்டு பக்கமும் அழுத்தி உரசும் பட்டை) போட்டும் கீச்சிடுகிறது என்றால், பெரும்பாலும் கோளாறு பாகத்தில் இருக்காது. மாட்டுவதற்கு முன் துருவைச் சுரண்டாமல் விட்டிருப்பார்கள். அதனால் சுத்தம் செய்யும் பகுதியை மட்டும் தயவுசெய்து அவசரமாகத் தாண்டாதீர்கள்.

இங்கே சொல்வது முன் சக்கரங்களுக்கு, அதிலும் ஒற்றை பிஸ்டன் கொண்ட சாதாரண கேலிப்பருக்கு. பேட்களை டிஸ்கில் அழுத்தும் கவ்விதான் கேலிப்பர், அதற்குள்ளிருந்து பேடைத் தள்ளும் உருளைதான் பிஸ்டன். பின் சக்கரத்தில் சில பிஸ்டன்களைத் திருகிக்கொண்டேதான் உள்ளே தள்ள முடியும். எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் இருந்தால் அதை முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். முதல் முறை என்றால் முன்பக்கத்திலிருந்தே தொடங்குங்கள்.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

புது பேடில் உராயும் பகுதி சுமார் 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். உள்பக்க பேடையும் பார்ப்பது முக்கியம். வெளிப்பக்கம் நன்றாக இருந்து உள்பக்கம் தேய்ந்து போயிருப்பது அடிக்கடி நடக்கும்.

டிஸ்குக்கு உள்ள குறைந்தபட்சத் தடிமனை அதன் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ மில்லிமீட்டரில் பொறித்திருப்பார்கள். தேய்ந்த டிஸ்கின் விளிம்பில் வரப்பு கட்டியதுபோல ஒரு மேடு நிற்கும். வெர்னியரை அப்படியே வைத்தால் அது அந்த மேட்டில் உட்கார்ந்து, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். மைக்ரோமீட்டரை மேட்டுக்கு உள்ளே, பேட் உரசும் இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். விரிசலோ ஆழமான கோடுகளோ இருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றுங்கள். டிஸ்கானாலும் பேடானாலும் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

ஜாக்கி, ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ரெஞ்ச்), வயர் பிரஷ், உப்புத்தாள், பெரிய சி-கிளாம்ப், பிரேக் க்ளீனர், கொஞ்சம் கட்டுக்கம்பி. கிரீஸ் மட்டும் பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் அல்லது செராமிக் கிரீஸாக இருக்கட்டும். சாதாரண கிரீஸ் பட்டால் கேலிப்பரில் உள்ள ரப்பர் ஊதிப்போய், கேலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்கள் இறுகிவிடும். கையுறை, முகக்கவசம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், க்ளீனர் அடித்து நனைத்துத் துடையுங்கள்.

தூக்குவதும் கழற்றுவதும்

சமமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டு வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச்சுற்று இளக்குங்கள். அப்புறம் மேனுவல் காட்டும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்கி நிற்க ஸ்டாண்ட் வேண்டும். லேசாக ஆட்டிப் பார்த்து, வண்டி அசையவில்லை என்று உறுதியான பிறகு சக்கரத்தைக் கழற்றி வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றும் முன் போனில் நாலு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கேலிப்பரின் பின்புறம் கைக்கு எட்டும். அங்கே தெரியும் இரண்டு சின்ன போல்ட்களைக் கழற்றுங்கள். போல்ட்டோடு சேர்ந்து ஸ்லைடு பின்னும் சுற்றினால், அந்தப் பின்னை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். கேலிப்பர் வெளியே வர மறுத்தால் விளிம்பு மேடு தடுக்கிறது என்று அர்த்தம். கேலிப்பரை வெளிப்பக்கமாக மெல்ல இழுத்து பிஸ்டனைக் கொஞ்சம் உள்ளே அனுப்பினால் வந்துவிடும். கேலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்க விடவே கூடாது, ஹோஸ் உள்ளுக்குள் கிழியும். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கம்பியால் கட்டுங்கள். பேடில் சென்சார் ஒயர் இருந்தால் மறக்காமல் கழற்றிவிடுங்கள்.

பேட்களை எடுத்துவிட்டு, அவை உட்கார்ந்திருந்த பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்களைக் கழற்றுங்கள். இவை இறுக்கமாக இருக்கும், நீளமான கைப்பிடி தேவைப்படும். டிஸ்கைப் பிடிக்கும் திருகாணி இருந்தால் அதையும் கழற்றுங்கள். டிஸ்க் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தால், அதன் நடுப்பகுதியில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல கார்களில் இருக்கும். அந்த மரைக்குப் பொருந்தும் போல்ட்களை மாறி மாறி அரைச்சுற்றாக இறுக்கினால் டிஸ்க் தானாகவே வெளியே வரும்.

சுத்தம்: நேரம் எடுக்க வேண்டிய இடம்

டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால் தேயுங்கள், அப்புறம் உப்புத்தாள் போடுங்கள். விரலால் தடவினால் ஒரு பொருக்குகூடத் தட்டுப்படக் கூடாது. சக்கரத்தை மாட்டும் போல்ட்களின் அடியைச் சுற்றியுள்ள இடத்தில்தான் துரு ஒளிந்திருக்கும். இங்கே ஒரு துருப்பொருக்கு மாட்டிக்கொண்டால் டிஸ்க் சற்றுச் சாய்ந்து உட்காரும். நடுவில் இருக்கும் அந்தச் சின்னச் சாய்வு விளிம்பில் பெரிதாகிவிடும். முதல் நாள் எதுவும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்கின் ஒரே இடம் பேடில் உரசி, அந்த இடம் மட்டும் மெலிந்துகொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டர் போனதும் பெடல் அதிர ஆரம்பிக்கும். அப்போது எல்லோரும் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள்.

அடுத்தது பிராக்கெட். பேடின் காதுகள் (இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) உட்காரும் இடத்தில் உள்ள எஃகு கிளிப்களை எடுத்துவிட்டு அடியில் பாருங்கள். அங்கே துரு வளர்ந்து கிளிப்பை மேலே தள்ளியிருக்கும். புது கிளிப்பை அதன் மேலேயே மாட்டினால் பேட் இறுகி, பெடலை விட்ட பிறகும் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். உலோகம் தெரியும்வரை தேயுங்கள். கிளிப் மாட்டிய பிறகு, புது பேட் கைவிரலால் தள்ளினாலே நகர வேண்டும்.

மூன்றாவது, ஸ்லைடு பின்கள். இழுத்து வெளியே எடுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, புது சிலிக்கான் கிரீஸ் தடவிச் செருகுங்கள். சில கார்களில் ஒரு பின்னுக்கு மட்டும் ரப்பர் உறை இருக்கும், இரண்டையும் இடம் மாற்றிவிடாதீர்கள். பழைய உள்பக்க பேட் அதிகம் தேய்ந்திருந்ததென்றால், காரணம் பெரும்பாலும் இறுகிப்போன இந்தப் பின்கள்தான்.

மாட்டுவது

புது டிஸ்கில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் க்ளீனரால் இரண்டு முகத்தையும் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பிறகு பிராக்கெட்.

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பிஸ்டன் உள்ளே போகப் போக ஆயில் மேலே ஏறும். இடையில் யாராவது டாப்-அப் செய்திருந்தால் வழிந்துவிடும், அது பெயின்ட்டை அரிக்கும். நிறைய இருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து சி-கிளாம்பால் மெதுவாக இறுக்குங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தாலோ ஆயில் கசிந்திருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்குக் கேலிப்பரையே பழுதுபார்க்க வேண்டும்.

பேடின் உராயும் முகம் டிஸ்கைப் பார்க்க வேண்டும். காதுகளிலும் பின்தகட்டிலும் மெல்லியதாக கிரீஸ், உராயும் முகத்தில் ஒரு துளிகூடக் கூடாது. கேலிப்பரை இறக்கும்போது ஹோஸ் முறுக்கிக்கொள்ளவில்லை என்று பாருங்கள். எல்லா போல்ட்டையும் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கேலிப்பர் போல்ட்டுக்கும் பிராக்கெட் போல்ட்டுக்கும் அளவில் பெரிய வித்தியாசம் இருக்கும், கை மதிப்பில் விட்டால் சின்ன போல்ட்டின் மரை போய்விடும். மேனுவல் புது போல்ட் போடச் சொன்னால் புதிதுதான் போட வேண்டும். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் முடியுங்கள்.

வண்டியை எடுக்கும் முன்

இரண்டு பக்கமும் முடிந்ததும், வண்டி ஒரு அங்குலம் நகர்வதற்கு முன்பே பெடலை மெதுவாகப் பல முறை அமுக்குங்கள். முதல் சில முறை பெடல் தரைவரை போகும், ஏனென்றால் பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. பெடல் கெட்டியான பிறகே வண்டியை எடுக்க வேண்டும். பிரேக் லைனைத் திறக்கவில்லை என்பதால் ஏர் எடுக்கும் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும்) வேலை இல்லை. பெடல் கெட்டியாகவே ஆகவில்லை என்றால் ஓட்டாதீர்கள். ஆயில் அளவையும் இன்னொரு முறை பாருங்கள்.

பிறகு, புது பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று பழகுவதற்காக, ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு, மிதமாக எட்டுப் பத்து முறை குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். லேசாக வாடை வந்தால் பயப்பட வேண்டாம். டிஸ்க் சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றுவிடாதீர்கள், பேடின் அச்சு டிஸ்கில் பதிந்துவிடும். பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அடுத்த 200, 300 கி.மீ.க்கு அவசரம் இல்லாதபோது அழுத்திப் பிரேக் பிடிக்க வேண்டாம்.

100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். அதோடு, சாதாரணமாக ஓட்டி நிறுத்தியதும் இரண்டு முன் சக்கரங்களின் பக்கத்திலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடக் கூடாது, பக்கத்தில் மட்டும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பேட் இறுகியிருக்கிறது. அந்தப் பக்கத்துக் கிளிப்பையும் பின்னையும் மறுபடி கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.