சிலிக்கானில் ஒரு கோடு மறையும்படி செய்வது எப்படி

குறைகடத்தியில் டிஸ்லொகேஷன் (படிகத்தின் அணு அடுக்கில் கோடாக ஓடும் குறைபாடு) பார்க்க ஆசைப்படும் மாணவர்கள் பெரும்பாலும் ஒற்றைப்படிகச் சிலிக்கானையே தேடுகிறார்கள். வேண்டாம். அதை வளர்க்கும்போதே டிஸ்லொகேஷன் இல்லாமல்தான் வளர்க்கிறார்கள். பழைய பல்படிகச் சோலார் செல் வாங்குங்கள். நீலத்தில் திட்டுத் திட்டாக நிறம் மாறித் தெரியுமே, அதுதான். கண்ணாடியில் ஒட்டாத உடைந்த செல் போதும்.

எளிய வகையான விளிம்பு டிஸ்லொகேஷன் என்பது படிகத்துக்குள் பாதியில் நின்றுபோன அணுத்தளத்தின் விளிம்பு. முடைந்த பாயின் நடுவே ஓர் ஓலை தீர்ந்துபோனால் பக்கத்து ஓலைகள் நெளியும் அல்லவா, அப்படி அண்டைத் தளங்கள் வளைகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டுவது அந்த வளைவைத்தான்.

செல்லை 3 மில்லிமீட்டர் வட்டாக வெட்டி, உலோகப் பூச்சு போகும்வரை இருபுறமும் தேயுங்கள். அடியில் விளக்கு வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். சுமார் 10 மைக்ரானுக்கு வந்ததும், அதுவரை கறுத்திருந்த சிலிக்கான் வழியாகச் சிவப்பு ஒளி கசியும். மேலும் மெலிந்தால் ஆரஞ்சு, பிறகு மஞ்சள். சிவப்பு வந்ததும் கையை எடுத்துவிட்டு எலக்ட்ரான் ஊடுருவும் அளவுக்கு மெலிய வைக்கும் மீதி வேலையை, மேற்பரப்பைச் செதுக்கும் ஆர்கான் அயனிகளிடம் ஒப்படையுங்கள். கடைசியில் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேற்பரப்பு ஒழுங்கு குலையும்.

எங்கள் கடலோர ஊரான மண்டபத்தில் இதைவிடப் பெரிய தொல்லை உப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியே பிசுபிசுக்கும். வட்டின் மேல் படியாதா? (220) என்று எண்ணிட்டு அழைக்கும் அணுத்தளங்களின் இடைவெளி உப்பில் 0.199 நானோமீட்டர், சிலிக்கானில் 0.192. விளிம்புவிளைவுப் படத்தில், அதாவது அணுத்தளங்கள் எலக்ட்ரான்களைத் திருப்பி உண்டாக்கும் புள்ளிப் படத்தில், இரண்டின் புள்ளிகளும் அடுத்தடுத்து விழுந்து புதியவரைக் குழப்பிவிடும். சதுரமான கருந்துகளைக் கண்டு குறைபாடு என்று குதிக்காதீர்கள். அசிட்டோனில் உப்பு கரையாது. அயனி வேலைக்கு முன்பே காய்ச்சி வடித்த நீரில் அலசிவிடுங்கள். மாதிரியை வைக்கும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் இருக்கட்டும். மாடியில் அம்மா கருவாடு காயவைக்கும் நாளில் நான் பெட்டியைத் திறப்பதே இல்லை.

நுண்ணோக்கியில் நேரம் என்பது காசு. 200 கிலோவோல்ட்டில், கிகுச்சி கோடுகளை (படிகம் எப்படித் திரும்பியிருக்கிறது என்று காட்டும் பட்டைகள்) பிடித்துக்கொண்டு [001] அச்சுக்கு (படிகக் கனசதுரத்தின் ஒரு விளிம்புத் திசை) அருகில் வரக்கூடிய படிகமணி ஒன்றைத் தேடுங்கள். பிறகு மாதிரியைச் சற்றே சாய்த்து, நடுப்புள்ளியோடு (220) மட்டும் பளிச்சிடும்படி நிறுத்துங்கள். படம் எடுங்கள். அதே இடத்தை (2 −2 0) வைத்தும் எடுங்கள். முதல் படத்தில் காணாமல்போன கோடு இரண்டாவதில் கறுப்பாகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பர்கர்ஸ் வெக்டருக்கும் (டிஸ்லொகேஷன் அணுக்களை எந்தத் திசையில், எவ்வளவு நகர்த்தியது என்பதன் அளவு) அந்தப் பிரதிபலிப்புக்கும், அதாவது பளிச்சிட வைத்த தளத்துக்கும், புள்ளிப்பெருக்கம் பூஜ்யமானால் கோடு மறையும். சிலிக்கானில் வழக்கமான ½⟨110⟩ வகை ஆறில் (220)க்குப் பூஜ்யம் தருவது ½[1 −1 0] ஒன்றே. கோடு தெரிகிறது என்று மட்டும் சொல்லும் அறிக்கையை நான் மதிப்பதில்லை.

சில கோடுகள் முழுதும் மறையாமல் மங்கலாக நிற்கும். விளிம்பு வகையில் அது இயல்பு. (400) வைத்தும் ஒருமுறை சரிபாருங்கள்.

கற்றையை ஓரிடத்தில் வெகுநேரம் குவித்தால் அதுவே புதிய குறைபாடுகளை உண்டாக்கலாம். ஆகவே கற்றையைப் பரப்பிவைத்து முதலில் படங்களை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அதே சாய்வில் எடுத்த விளிம்புவிளைவுப் படத்தைச் சேர்த்துச் சேமியுங்கள். அது இல்லாமல் எந்தப் பிரதிபலிப்பில் கோடு மறைந்தது என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது.