மஞ்சள் வாலாட்டி: நிறத்தை மட்டும் நம்பினால் தவறிவிடும்

சம்பா நடவு நடக்கும் புரட்டாசி, ஐப்பசியில் திருவாரூர், மன்னார்குடி பக்கம் வரப்பில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். சேற்றில் குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று, வாலை மேலும் கீழும் ஆட்டும் ஒரு சின்னக் குருவி கண்ணில் படும். அதுதான் மஞ்சள் வாலாட்டி. ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி இங்கே வருகிறது. நீளம் 16, 17 சென்டிமீட்டர். எடை 20 கிராமை ஒட்டித்தான் இருக்கும்.

இதை அடையாளம் காண்பதில் பலரும் செய்யும் முதல் தவறு, மஞ்சளைத் தேடுவது. வந்து இறங்கும் காலத்தில் பல பறவைகளின் உடம்பில் மஞ்சள் மங்கலாகத்தான் இருக்கும். இளம் பறவைகளில் சிலவற்றுக்கு வயிறு கிட்டத்தட்ட வெள்ளை. அதனால் இதை வயல் நெட்டைக்காலி என்று குறித்துவிடுகிறார்கள். நெட்டைக்காலியின் முதுகில் கீற்றுக் கீற்றாகக் கோடு ஓடும், மார்பிலும் உண்டு. வாலாட்டியின் முதுகில் கோடே கிடையாது. பழுப்போ பச்சை கலந்த பழுப்போ, ஒரே நிறம்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அடிவயிறு பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் உடனே மஞ்சள் வாலாட்டி என்று முடிவு கட்டுவது. சாம்பல் வாலாட்டிக்கும் வாலடி நல்ல மஞ்சள்தான். முதலில் காலைப் பாருங்கள். மஞ்சள் வாலாட்டிக்குக் கறுப்புக் கால், சாம்பல் வாலாட்டிக்கு வெளிறிய இளஞ்சிவப்புக் கால். அப்புறம் முதுகையும் வாலையும் பாருங்கள். சாம்பல் முதுகும் உடம்புக்கு மீறிய நீள வாலும் இருந்தால் அது சாம்பல் வாலாட்டி. அதற்கு மலையோரத்து ஓடைகள்தான் அதிகம் பிடிக்கும். திறந்த வயலில் கூட்டமாக மேய்வது பெரும்பாலும் மஞ்சள் வாலாட்டியே. படம் எடுப்பவர்கள் முகத்தை மட்டும் எடுக்காமல் முதுகும் காலும் தெரிய எடுத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வாலாட்டி என்றாலே வலசைப் பறவை என்று நினைப்பதும் சரியல்ல. வாய்க்கால் மதகிலும் படித்துறையிலும் கறுப்பு வெள்ளையாக, வெள்ளைப் புருவத்தோடு நடமாடும் பெரிய வாலாட்டி நம் ஊர்க்காரர். சித்திரை வெயிலிலும் இங்கேதான் இருப்பார்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறொன்று. நெல்லைத் தின்ன வந்த குருவி என்று மஞ்சள் வாலாட்டியை விரட்டுவது. அந்த அலகைக் கவனியுங்கள், எவ்வளவு மெல்லியது! நெல்லை உரிக்கிற அலகே அல்ல அது. ஈ, வண்டு, புழு, சிலந்தி இவைதான் இதன் உணவு. ட்ராக்டர் சேறு கலக்கும்போதும் மாடு மேயும்போதும் பின்னாலேயே ஓடுவது, கிளம்பும் பூச்சிகளுக்காகத்தான். கதிரில் நெல்லைக் கொத்துவது தூக்கணாங்குருவியும் சில்லையும். பூச்சி பிடிக்கும் விருந்தாளியை அவற்றோடு சேர்த்துத் தண்டிப்பது நியாயமில்லை. தேவையில்லாமல் மருந்தடித்தாலும் இதன் சாப்பாடுதான் போகும்.

பொழுது சாய்ந்ததும் இவை நாணல் புதரிலும் கரும்புக் கொல்லையிலும் கூட்டமாக அடையும். படம் எடுக்க அதற்குள் நுழையவே கூடாது. இருட்டும் நேரத்தில் கலைந்த கூட்டம் வேறு இடம் தேடி அலைய வேண்டிவரும்.

கடைசியாக, கார்த்திகை மாதத்துப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு கிளையினம் சொல்ல அவசரப்படாதீர்கள். சம்பா அறுவடை முடிந்து, உளுந்து பச்சை கட்டியிருக்கும் பங்குனி வரை பொறுங்கள். ஊர் திரும்புமுன் ஆண்கள் புது இறகு போட்டு அடிமுழுக்க மஞ்சளாகிவிடும். தலை நிறமும் அப்போதுதான் தெளியும். தலை அடர்சாம்பலாகவும் புருவக்கோடு இல்லாமலும் இருந்தால் ஒரு கிளையினம், வெளிறிய நீலச்சாம்பல் தலையில் வெள்ளைப் புருவம் இருந்தால் இன்னொன்று, தலை முழுக்கக் கறுப்பானால் வேறொன்று. பெண் பறவையாக இருந்தால் அப்போதும் மஞ்சள் வாலாட்டி என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள்.