பிள்ளையின் மனம் கலைக்கப்படும்போது: பெங்களூர்த் தமிழ்ப் பெற்றோர் தகவலும் உதவியும் பெறும் வழிகள்

தாய் தந்தையரில் ஒருவர் மற்றவரைப் பற்றிப் பிள்ளையிடம் இடைவிடாமல் குறைசொல்லி, சந்திப்புகளை ஏதேனும் ஒரு காரணம் காட்டித் தள்ளிப்போட்டு, தொலைபேசி அழைப்புகளை எடுக்காமல் விட்டு, கடைசியில் "எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை" என்று பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைப்பதைக் குடும்ப வழக்குகளில் பேரன்டல் ஏலியனேஷன் என்று குறிப்பிடுகிறார்கள். நம் வீடுகளில் பிள்ளையின் மனதைக் கலைத்துவிட்டார்கள் என்போம். பெங்களூரில் வசிக்கும் தமிழர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல்கள் உண்டு. நீதிமன்றம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. பெரியவர்கள் சேலத்திலோ வேலூரிலோ இருக்கிறார்கள். ஆறுதல் சொல்ல அக்கம்பக்கத்தில் பலர் இருந்தாலும், எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதத்தோடு போக வேண்டும் என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. அதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தக் கருத்தை ஒரு நோய்க்குறித் தொகுப்பாக 1985இல் முன்வைத்தவர் அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர். அன்றிலிருந்து இன்றுவரை இது சர்ச்சைக்குரியதாகவே இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேட்டில் இது ஒரு நோயாக இடம்பெறவில்லை. உலக சுகாதார நிறுவனமும் தனது ஐசிடி-11 நோய்ப் பட்டியலின் சொல்லடைவில் இருந்த இந்தச் சொல்லை 2020இல் நீக்கியது. ஜோன் கெல்லி, ஜேனட் ஜான்ஸ்டன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2001இல் எழுதிய கட்டுரை, காரணமின்றி வெறுக்க வைக்கப்பட்ட பிள்ளையையும், அடி உதை, குடிப்பழக்கம், புறக்கணிப்பு போன்ற உண்மையான காரணங்களால் தானாகவே விலகிய பிள்ளையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றது. என் பார்வையில், இந்தப் பொருளில் ஒரு பெற்றோர் ஒன்றை மட்டுமே படிக்க நேரம் இருந்தால் இந்த வேறுபாட்டைப் படிப்பதே போதும். ஏனென்றால், நீங்கள் எங்கே உதவி கேட்டுப் போனாலும், எதிரில் இருப்பவர் மனதில் எழும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் வன்முறை நடந்திருந்தால், அதற்குத் தப்பி வந்த தாயின் மீதே இந்தக் குற்றச்சாட்டு திருப்பிவிடப்படும் ஆபத்தும் உண்டு. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அலையாமல், பெண்களுக்கான 181 என்ற எண்ணையோ, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணையோ முதலில் அழைக்க வேண்டும்.

நம் உச்ச நீதிமன்றம் 2017இல் விவேக் சிங் எதிர் ரோமானி சிங் வழக்கில் இந்தக் கருத்தை விரிவாகப் பேசியது. தந்தையிடம் வளர்ந்த மகளைத் தாயிடம் ஒப்படைத்த வழக்கு அது. பாதிக்கப்படுவது தந்தையர் மட்டுமே என்று நினைப்பவர்கள் அதை வாசிக்க வேண்டும். 2024 மே மாதம் கர்னல் ரம்னீஷ் பால் சிங் வழக்கிலோ அதே நீதிமன்றம், கலைக்கும் நடத்தை இன்ன நாளில் இன்னவாறு நடந்தது என்று தனித்தனி நிகழ்வுகளை அடையாளம் காணாமல் ஒரு பெற்றோர் மீது அவசரப்பட்டு இந்த முத்திரையைக் குத்தக் கூடாது என்று எச்சரித்தது. இரண்டு தீர்ப்புகளும் இண்டியன் கானூன் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால், வக்கீலிடமும் ஆலோசகரிடமும் நீதிபதியிடமும் "என் பிள்ளையின் மனதைக் கலைத்துவிட்டார்கள்" என்ற ஒற்றை வரியோடு போவதில் பயனில்லை என்பது விளங்கும். தேதியோடும் நிகழ்வோடும் போக வேண்டும்.

நிகழ்வுகளை எழுதி வைக்கும் முறை

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போதும். நடந்த அன்றே எழுதுங்கள். "ஜூன் 14, சனி, மாலை 5 மணி. உத்தரவுப்படி அழைத்துவரச் சென்றேன். பாட்டி கதவைத் திறந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார். 5.40 வரை வாசலில் நின்றேன். 5.45க்கு 'உடம்பு எப்படி இருக்கிறது, மருத்துவரைப் பார்த்தீர்களா' என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். பதில் இல்லை." இப்படி இருந்தால் போதும். "வழக்கம்போலப் பொய் சொல்லி ஏமாற்றினார்கள்" என்று எழுதினால் அது உங்கள் கோபத்துக்குச் சாட்சியாகுமே தவிர, வேறு எதற்கும் ஆகாது. சந்திப்பு நன்றாக நடந்த நாட்களையும் கட்டாயம் எழுதுங்கள். பிள்ளை சிரித்துப் பேசிவிட்டுப் போன மறுவாரமே பார்க்க மறுத்தால், அந்த இரண்டு பக்கங்களும் அடுத்தடுத்து இருப்பதே பெரிய விஷயம்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள். நமக்குச் சாதகமான நான்கு வரிகளை மட்டும் வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட், குறுக்கு விசாரணையில் நமக்கே எதிராகத் திரும்பும். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும் என்பதை வக்கீலிடம் நினைவுபடுத்துங்கள். தமிழில் உள்ள செய்திகளுக்கு மூலத்தோடு மொழிபெயர்ப்பையும் சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்தது திருமண வழக்கில் சான்றாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்ததால், இப்போது எல்லோரும் போனில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர்கள் விஷயம் அவரவர் பாடு. ஆனால் பிள்ளையின் முன்னால் போனை நீட்டி "அம்மா என்ன சொன்னாள், அப்பா என்ன சொன்னார், மறுபடி சொல்லு" என்று கேட்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். நீங்கள் யார் மீது புகார் சொல்கிறீர்களோ அவர் செய்யும் அதே காரியம்தான் இது.

பெங்களூரில் சட்ட உதவி

குடும்ப நீதிமன்றங்கள், மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம், பெங்களூர் சமரச மையம் ஆகிய மூன்றும் எச். சித்தய்யா சாலையில் உள்ள நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கின்றன. ஒரே காலை வேளையில் மூன்றையும் பார்த்துவிடலாம் என்பது இந்த ஊரில் இருக்கும் அபூர்வமான வசதிகளில் ஒன்று. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு பொருந்தும். நேரில் போகுமுன் 15100 என்ற எண்ணை அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

வக்கீல் வைப்பவர்கள் தமிழ் தெரிந்தவரா என்று பார்ப்பது தவறல்ல. அல்சூர், சிவாஜிநகர் பக்கம் அப்படிப்பட்ட வக்கீல்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மொழி மட்டும் போதாது. இடைக்காலச் சந்திப்பு மனுவை எவ்வளவு விரைவில் தாக்கல் செய்வார், சமரசத்துக்கு முயல்வாரா, எதிர்த்தரப்பு மீது அடுக்கடுக்காகக் குற்ற வழக்குகள் போடச் சொல்கிறாரா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு உற்சாகமாக "ஆமாம்" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பிரமாணப் பத்திரத்தை வரிக்கு வரி தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லாமல் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மனு எங்கே போடுவது என்பது பலர் தடுமாறும் இடம். 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின் 9ஆவது பிரிவு, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தையே சொல்கிறது. பெங்களூரில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளையைத் திடீரென்று ஓசூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ கூட்டிக்கொண்டு போய்விட்டால் மாநிலமே மாறிவிடுகிறது. ஓசூர் பேருந்தில் போய்வரும் தூரம்தான், ஆனாலும் வழக்கு எந்த ஊரில் என்ற வாதத்திலேயே மாதங்கள் கரையும். ஆகவே பள்ளிச் சேர்க்கை ரசீது, வருகைப் பதிவு, தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம் என்று பிள்ளை பெங்களூரில் வசித்ததைக் காட்டும் காகிதங்களை முன்கூட்டியே சேர்த்து வைத்து, தாமதிக்காமல் மனுப் போடுவது நல்லது. அதே சட்டத்தின் 12ஆவது பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்கீழ் அந்த நீதிமன்றத்திலேயே கேட்கலாம்.

கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். "நியாயமான சந்திப்பு" என்று மட்டும் உத்தரவில் இருந்தால், எது நியாயம் என்று ஒவ்வொரு வாரமும் சண்டை வரும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த வாசலில், யார் அழைத்து வருவது, தவறினால் எந்த நாளில் ஈடுசெய்வது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் என்ன ஏற்பாடு, பள்ளியின் முன்னேற்ற அறிக்கை இருவருக்கும் வருமா என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். நீதிமன்ற வளாகத்தில் சந்திப்பது பிள்ளைக்கு மிரட்சியாக இருந்தால், கப்பன் பூங்காவில் உள்ள பால பவன் போன்ற பொது இடத்தை நீங்களே முன்மொழியலாம். 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளை உடன் இல்லாத பெற்றோருக்குப் போன் மற்றும் வீடியோ வழியாக முடிந்தவரை அடிக்கடிப் பேசும் உரிமை இருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பதால், வீடியோ அழைப்புக்கான நேரத்தையும் தனியாகக் கேளுங்கள்.

நீதிபதி பிள்ளையைத் தன் அறையில் தனியே சந்தித்துப் பேசுவது வழக்கம். பிள்ளை விவரம் தெரிந்த வயதினராக இருந்தால் அதன் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறதே தவிர, அதுவே முடிவு என்று சொல்லவில்லை. பிள்ளை "வேண்டாம்" என்று சொல்லிவிட்டதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று மனம் உடைய வேண்டியதில்லை. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 12ஆவது பிரிவு மனநல வல்லுநரின் உதவியை நீதிமன்றம் பெறுவதற்கு இடம் தருகிறது. அதைக் கேட்டு மனுப் போடலாம்.

மனநல உதவி

முதல் உதவி உங்களுக்குத்தான் தேவைப்படும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தூக்கமில்லாத நள்ளிரவில் எதிர்த்தரப்புக்கு நீண்ட செய்தி தட்டச்சு செய்வதற்கு முன் அந்த எண்ணை அழைத்துவிடுங்கள். நேரில் பார்க்க விரும்பினால் ஓசூர் சாலையில் உள்ள நிமான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினருக்கான மனநலத் துறை இருக்கிறது. தனியார் உளவியலாளரிடம் செல்வதாக இருந்தால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவரா என்று கேட்டு எண்ணைச் சரிபாருங்கள். சந்திப்பு நாளில் பிள்ளையை ரகசியமாக அழைத்துப்போய் அறிக்கை வாங்குவது வேண்டாம். ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதிய அறிக்கைக்கு நீதிமன்றத்தில் மதிப்புக் குறைவு, பிள்ளையின் நம்பிக்கையும் போய்விடும்.

அமைப்புகளும் குழுக்களும்

பிரிந்த பெற்றோர் இருவரும் வளர்ப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று பேசும் கிரிஸ்ப் அமைப்பு பெங்களூரைச் சேர்ந்தது. ஆண்கள் தரப்பில் பேசும் சேவ் இண்டியன் ஃபேமிலி அமைப்பும், பெண்கள் தரப்பில் 1979 முதல் இயங்கும் விமோச்சனாவும் இந்த ஊரில் இயங்குபவையே. ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்பு உண்டு என்பதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். அனுபவப்பட்டவர்களிடமிருந்து நடைமுறை விவரங்கள் கிடைக்கும். கூடவே, மற்றவர்களின் ஆத்திரமும் நம் தலையில் ஏறும். வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் படம், பள்ளிப் பெயர், வழக்கு எண் ஆகியவற்றைப் பகிராதீர்கள். "மூன்றே மாதத்தில் கஸ்டடி வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவரை ஒதுக்கிவிடுங்கள். வழக்கின் நிலையை அறிய அடுத்தவரை நம்ப வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாகத் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா தேதியும் உத்தரவும் தெரிந்துவிடும்.

பிள்ளையிடம் பேசும்போது

வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை சுருக்கமான செய்தி அனுப்புங்கள். "இன்றைக்கு அல்சூர் ஏரிப் பக்கம் போனேன். நீ சைக்கிள் பழகிய தெருவில் இப்போது இரண்டு பக்கமும் கார்கள்தான்" என்பது போலப் பதில் எதிர்பார்க்காத செய்தியாக இருக்கட்டும். "ஏன் பேச மாட்டேன் என்கிறாய்" என்று எழுதினால் பிள்ளை யார் பக்கம் என்று மறுபடியும் தேர்ந்தெடுக்க வேண்டியதாகிறது. உங்களைப் பற்றி ஏதேனும் பொய்யை அது திரும்பச் சொன்னால், "எனக்கு அப்படி நினைவில்லை, ஆனால் நீ அப்படி நினைப்பது வருத்தமாக இருக்கிறது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். வழக்குக் காகிதங்களைக் காட்டி நிரூபிக்க முயல வேண்டாம்.

தாத்தா பாட்டிக்கும் அத்தை மாமாவுக்கும் இதையே முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். நீதிமன்ற உத்தரவின்படி நடந்த ஒரு நல்ல சந்திப்பு, "உங்கம்மா இப்பவும் அப்படித்தானா" என்று பாட்டி ஆற்றாமையில் கேட்ட ஒரே கேள்வியால் கெட்டுப்போவதுண்டு. பிள்ளைக்கு 18 வயதானதும் கஸ்டடி வழக்குக்கு இடமில்லாமல் போகும். அதன் பிறகு தொடர்பு முழுக்க அந்தப் பிள்ளையின் விருப்பம். ஆகவே போன் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றாமல் வைத்திருங்கள். வீடு மாறினால் புதிய முகவரியை எழுத்தில் வக்கீல் வழியாக எதிர்த்தரப்புக்கும், நேரடியாக ஒரு வரியில் பிள்ளைக்கும் தெரிவித்துவிடுங்கள்.