சீனாவுக்கு வேலையாகப் போய் ஊர் பார்க்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

முதல்முறை நான் பெய்ஜிங்கில் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. அதற்கு முன் குவாங்சோவில் கேன்டன் ஃபேர் என்ற வணிகக் கண்காட்சியில் நான்கு நாள். ஜிப், பட்டன், எலாஸ்டிக் என்று ஸ்டால் ஸ்டாலாக நடந்து கால் வீங்கியிருந்தது. ஊருக்குத் திரும்பும் விமானம் செவ்வாய்க்கிழமை காலை. நடுவில் முழுசாக ஒரு திங்கட்கிழமை. காலையில் அரண்மனை, மதியம் பெருஞ்சுவர், ராத்திரி ஷாப்பிங் என்று விமானத்திலேயே கணக்குப் போட்டுவிட்டேன். காலையில் டாக்ஸி பிடித்துப் போனால், அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சரி, சுவராவது பார்க்கலாம் என்று ஓட்டலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து ஒரு டூர் வண்டியில் ஏறினேன். போகிற வழியில் ஜேட் கல் கடையில் முக்கால் மணி நேரம். திரும்புகிற வழியில் பட்டுக் கடை, அப்புறம் டீத்தூள் கடை. சுவர் மேல் நின்றது 40 நிமிடம்.

அதற்குப் பிறகு பலமுறை போய்வந்தாயிற்று. கூட வருகிறவர்களும் ஏறக்குறைய இதே குழியில்தான் விழுகிறார்கள். வேலை முடிந்து மிச்சம் இருக்கும் நேரத்தில் ஊரைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்தக் குழி. மதியம் நினைத்து மாலையில் கிளம்பும் பழக்கம் சீனாவில் வேலைக்கு ஆகாது.

டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும்

பெய்ஜிங் அரண்மனையில் வாசலில் நின்று டிக்கெட் வாங்கும் காலம் போய்விட்டது. 7 நாளுக்கு முன்பிருந்து ஆன்லைனில் பதிவு செய்யலாம். ஒவ்வொரு டிக்கெட்டும் ஒரு பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. சீசனில் 60 யுவான், குளிர்காலத்தில் 40 யுவான். பணம் பெரிய விஷயம் இல்லை, இடம் கிடைப்பதுதான் பெரிய விஷயம். தியானன்மென் சதுக்கத்தில் சும்மா நடக்கக்கூட முன்பதிவு வேண்டும். மியூசியங்களில் பெரும்பாலானவை திங்கட்கிழமை மூடியிருக்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

பாஸ்போர்ட்டை ஓட்டல் லாக்கரில் பத்திரமாக வைத்துவிட்டு ஜெராக்ஸோடு கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும். அங்கே பாஸ்போர்ட்தான் டிக்கெட். ரயிலுக்கும் அதேதான். வெளிநாட்டுக்காரர்கள் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டமும் கூட.

அரண்மனையில் இன்னொரு சின்ன விஷயம். தெற்கு வாசலில்தான் நுழைய முடியும், வெளியே வருவது வேறு வாசலில், பெரும்பாலும் வடக்கே. நுழைந்த இடத்திலேயே காரை நிற்கச் சொல்லிவிட்டுப் போனால், உள்ளே நடந்த களைப்போடு மதிலைச் சுற்றி இன்னொரு நடை. வடக்கே வெளியே வந்ததும் எதிரில் ஜிங்ஷான் பூங்கா. அந்தக் குன்றின் மேல் ஏறினால்தான் மஞ்சள் ஓட்டுக் கூரைகள் மொத்தமும் கண்ணுக்குள் அடங்கும். நிறையப் பேர் அதை விட்டுவிட்டுக் காருக்கு ஓடுகிறார்கள்.

தேதி பார்க்காமல் டிக்கெட் போடுவது

அக்டோபர் 1 முதல் 7 வரை சீனாவில் தேசிய விடுமுறை. நாடே பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பும். இலையுதிர்கால கேன்டன் ஃபேரின் முதல் கட்டம் வழக்கமாக அக்டோபர் 15-ல் தொடங்குவதால், கொஞ்சம் முன்கூட்டியே போய் ஊர் சுற்றிவிட்டு வேலையை ஆரம்பிக்கலாமே என்று தோன்றும். தோன்றினால் 8-ஆம் தேதிக்குப் பிறகு போங்கள். வசந்தகாலக் கண்காட்சியில் சிக்கல் இன்னும் நேரடி. துணி, ஆயத்த ஆடை, காலணி எல்லாம் வரும் மூன்றாம் கட்டம் வழக்கமாக மே 1 முதல் 5 வரை. அதே நாட்களில்தான் அவர்களுக்கு மே தின விடுமுறை. திருப்பூர்க்காரர்களும் ஆம்பூர்க்காரர்களும் போவது இந்தக் கட்டத்துக்குத்தான். கண்காட்சி நடக்கும், ஆனால் சுவரிலும் ஏரிக்கரையிலும் மனிதத் தலைகளைத்தான் பார்க்க முடியும், ரயிலில் சீட் இருக்காது, ஃபேக்டரியும் மூடியிருக்கும். மே 6 வரை பொறுத்தால் எல்லாம் சரியாகிவிடும். சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் வேலையாகவும் போகாதீர்கள், ஊர் பார்க்கவும் போகாதீர்கள்.

ஒரே ஒரு நுழைவு

எல்லாவற்றிலும் காசு கரைக்கும் தவறு இதுதான். குவாங்சோ தெற்கு ரயில் நிலையத்திலிருந்து ஹாங்காங்குக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம் போலத்தான். சாயங்காலம் போய்விட்டு மறுநாள் வந்துவிடலாம் என்று கைகால் துறுதுறுக்கும். உங்கள் விசா ஒரே நுழைவுக்கு உரியது என்றால், ஹாங்காங் எல்லையைத் தாண்டிய கணத்தில் அது முடிந்துபோனது. மக்காவ் நகரத்துக்கும் இதே கதை. திரும்ப உள்ளே வர புது விசா வேண்டும். பெட்டியும் சாம்பிளும் குவாங்சோ ஓட்டலில் உட்கார்ந்திருக்கும். விண்ணப்பிக்கும்போதே இரட்டை நுழைவு அல்லது பல நுழைவு கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட்காரர்கள் ஹாங்காங்குக்குப் போவதற்கு முன் ஆன்லைனில் பதிவு செய்து அந்தத் தாளை எடுத்துப் போக வேண்டும்.

பயண வீடியோக்களில் வரும் '240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம்' என்ற பேச்சையும் நம்பிவிடாதீர்கள். அந்தச் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு 30 நாள் வரை விசாவே வேண்டாம். அவர்கள் சொல்லும் அனுபவம் நமக்குப் பொருந்தாது. வணிக விசாவில் போனவர் ஊர் பார்ப்பதற்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. திபெத்துக்கு மட்டும் வேறு அனுமதி.

போன்

சென்னை விமான நிலையத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டியதை குவாங்சோவில் இறங்கிச் செய்ய நினைப்பது அடுத்த தவறு. கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் அங்கே சாதாரண இணைப்பில் திறக்காது. ஓட்டல் வைஃபையிலும் திறக்காது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டால் வேலை செய்யும். ஆனாலும் கூகுள் மேப்பை நம்பி நடக்காதீர்கள். சீனாவில் வரைபடங்களுக்கு அரசு வேறொரு ஆயத்தொலைவு முறையை வைத்திருக்கிறது. அதனால் நீங்கள் நிற்கும் புள்ளி நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி, சில சமயம் ஆற்றுக்குள் காட்டும்.

பணம் செலுத்தும் ஆப்பான அலிபேயை ஊரிலேயே இறக்கி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டு ஒன்றை இணைத்துவிடுங்கள். தள்ளுவண்டி மக்காச்சோளத்திலிருந்து மெட்ரோ வரை அதில்தான் ஓடுகிறது. 200 யுவானுக்கு மேல் போனால் வெளிநாட்டு கார்டுக்கு 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். டாக்ஸி கூப்பிட தீதி என்ற சேவை அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கிறது. விமான நிலைய வாசலில் கையைப் பிடித்து இழுக்கும் டிரைவர்கள் தேவையே இல்லை. தங்கும் ஓட்டலின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயரைச் சொன்னால் டிரைவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார், அவ்வளவுதான்.

பவர் பேங்க் விஷயம் பலருக்குத் தெரியவில்லை. 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் '3சி' என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை ஏற்ற விடுவதில்லை. நம் ஊரில் வாங்கியதில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது. சோதனை மேஜையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

சப்ளையர் கூப்பிட்டால்

இது கொஞ்சம் நுட்பமான இடம். சீன சப்ளையர்கள் விருந்தோம்பலில் குறை வைக்க மாட்டார்கள். சனிக்கிழமை ஃப்ரீயா, நாங்களே கார் அனுப்பி எல்லாம் காட்டுகிறோம் என்பார்கள். விலை பேசி முடிப்பதற்கு முன்னால் அந்தக் காரில் ஏறாதீர்கள் என்பது என் கட்சி. ஒரு நாள் முழுக்க அவர் செலவில் ஏரியையும் கோயிலையும் பார்த்துவிட்டு, ராத்திரி வட்ட மேஜையில் பன்னிரண்டு வகை சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை மீட்டருக்கு ஒரு யுவான் குறையுங்கள் என்று கேட்க வாய் வராது. அதற்காக முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் கூடாது. 'ஃபேக்டரியை முதலில் பார்த்துவிடுகிறேன், ஆர்டர் முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுவோம்' என்றால் புரிந்துகொள்வார்கள். ஊரிலிருந்து ஏதாவது கொண்டுபோய்க் கொடுங்கள். கடிகாரம் மட்டும் வேண்டாம். 'கடிகாரம் கொடுப்பது' என்ற சொல்லும் இறுதிச் சடங்கைக் குறிக்கும் சொல்லும் சீனத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும்.

தனியாகச் சுற்றும்போது, ஷாங்காய் நான்ஜிங் சாலையிலோ பெய்ஜிங் வாங்ஃபூஜிங்கிலோ இரண்டு இளம்பெண்கள் நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்து, பக்கத்தில் டீ குடிக்கலாமா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே நடையைக் கட்டுங்கள். நான்கு சின்னக் கிண்ணம் டீக்கு ஆயிரக்கணக்கான யுவான் பில் வரும் பழைய வித்தை அது.

சைவக்காரர்கள் 'வோ ச்சீ சூ' என்ற மூன்று சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'நான் சைவம்' என்று அர்த்தம். காய்கறித் தட்டிலும் பன்றிக் கொழுப்போ சிப்பி சாஸோ இருக்கலாம் என்பதால், பெரிய புத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள்தான் நிம்மதி.

வேலை இருக்கும் ஊரிலேயே

இதையெல்லாம்விடப் பெரிய தவறு என்று நான் நினைப்பது, குவாங்சோவுக்கோ யீவுக்கோ போய்விட்டு ஒன்றரை நாளைக்காக பெய்ஜிங் பறப்பது. சுவர் எங்கும் போய்விடாது. அதற்கென்று வீட்டாரோடு ஒருமுறை போகலாம்.

குவாங்சோவையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்காட்சி வளாகம் இருக்கும் பாஜோவில் 8-ஆம் எண் மெட்ரோவில் ஏறினால் சென்ஜியாசி நிலையம். வெளியே வந்தால் 1890-களில் கட்டி முடித்த சென் குல மண்டபம். கூரை முகடு முழுக்கச் சுதையும் பீங்கானும், கோபுர பொம்மைகளைப் போல. அங்கிருந்து 1-ஆம் எண் மெட்ரோவில் அடுத்த நிலையம் சாங்ஷோ லூ. ஜேட் கடைச் சந்துகளுக்கு நடுவே ஹுவாலின் கோயில். போதிதருமர் கடல்வழியாக வந்து முதலில் கரையிறங்கிய இடம் என்று அவர்கள் மரபில் சொல்லும் இடம் இது. தென்னிந்திய அரசன் மகன் என்கிறார்கள் அவர்கள். காஞ்சிபுரத்துப் பல்லவர் என்கிறோம் நாம். உள்ளே ஞானம் பெற்ற புத்தத் துறவிகளான அர்ஹத்களின் 500 சிலைகள். அதில் தொப்பி போட்ட ஒருவரை மார்க்கோ போலோ என்று காட்டுவார்கள். கேன்டன் ஃபேருக்குப் பத்து முறை போய், காஞ்சிபுரம் பக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர் ஒருவர் இந்தக் கோயில் இருப்பதே தெரியாது என்றார். அரை நாள் போதும்.

யீவுக்கோ, துணிச் சந்தை இருக்கும் கேச்சியாவுக்கோ போகிறவர்களுக்கு ஹாங்சோ பக்கம்தான். யீவிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மேற்கு ஏரிக்குக் கட்டணம் கிடையாது; ஞாயிறு மதியம் போகாமல் வேலைநாள் விடிகாலையில் போக வேண்டும், அவ்வளவுதான். ரயில் நிலையத்தின் பெயரை மட்டும் முழுசாகப் படியுங்கள். ஒரே ஊரில் கிழக்கு, தெற்கு, மேற்கு என்று மூன்று நான்கு நிலையங்கள் இருக்கும். புறப்படச் சில நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள்.

காலணித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஜின்ஜியாங் தெரிந்திருக்கும். சோல் வாங்க, மோல்டு பார்க்க வருகிறவர்கள் ஃபேக்டரி, ஓட்டல், விமான நிலையம் என்று போய் வந்துவிடுகிறார்கள். ஜின்ஜியாங் சேர்ந்திருப்பது சுவான்சோ மாநகரத்தோடு. நம் வணிகர்கள் எழுநூறு ஆண்டுக்கு முன்பே கடை போட்ட துறைமுகம் அது. 1281-ல் அங்கே ஒரு சிவன் கோயில் இருந்ததைச் சொல்லும் தமிழும் சீனமும் கலந்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கோயில் இப்போது இல்லை, ஆனால் அதன் கற்கள் ஊரெங்கும் சிதறிப் பிழைத்திருக்கின்றன. 2021-ல் சுவான்சோ யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் கையுவான் என்ற புத்தக் கோயிலின் இரண்டு கல் பகோடாக்களோடு படம் எடுத்துக்கொண்டு, பிரதான மண்டபத்தை முன்பக்கமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போங்கள். இரண்டு பட்டைத் தூண்கள் நிற்கும். குனிந்து கிட்டத்தில் பார்த்தால் ஒன்றில் நரசிம்மர் இருப்பார்.