கறுப்பு கோட்டின் முதல் மூன்று வருஷம்: டெல்டா ஜூனியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சார், ஆர்ட்டிகிள்ஷிப் எத்தனை வருஷம் சார்?" சட்டம் முடித்த பையன் ஒருவன் மயிலாடுதுறை கோர்ட்டு எதிரே டீ குடித்துக்கொண்டே கேட்டான். முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஒருவரிடம் சேர்ந்து கட்டாயமாகப் பழகும் பயிற்சிக் காலம், ஆடிட்டர் ஆபீஸ் பேச்சு. இங்கிலாந்தில் சொலிசிட்டர் என்ற வகை வக்கீல் ஆகவும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே 2021 முதல் தகுதித் தேர்வு இரண்டு கட்டமும் இரண்டு வருஷப் பணி அனுபவமும் கேட்கிறார்கள். மும்பையில் மட்டும் பழைய மரபில் ஒரு சொலிசிட்டர் தேர்வு இன்னமும் நடக்கிறது. நம் பக்கம் 1961 வழக்கறிஞர்கள் சட்டப்படி, வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலில் என்ரோல் ஆனவர் அட்வகேட், அவ்வளவுதான்.

அப்படியானால் பயிற்சி கட்டாயமில்லையா? கட்டாயமில்லை என்பதுதான் பதில். ஆரம்பத்தில் அந்தச் சட்டத்திலேயே பயிற்சியும் தேர்வும் இருந்தன. 1973-இல் திருத்தம் கொண்டுவந்து எடுத்துவிட்டார்கள். 1995-இல் இந்திய பார் கவுன்சில் ஒரு வருஷப் பயிற்சியை விதியாகக் கொண்டுவந்தது. அப்படி விதி போட சட்டத்தில் அதிகாரமில்லை என்று 1999-இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மிச்சம் இருப்பது படிக்கும்போது செய்யும் இன்டர்ன்ஷிப்பும், என்ரோல் ஆன பிறகு எழுதும் அகில இந்திய பார் தேர்வும்தான். நடுவில் சீனியர் ஆபீஸில் கழியும் வருஷங்களுக்கு விதிப்புத்தகம் கிடையாது. அதனால்தான் அங்கே இத்தனை பேர் இடறுகிறார்கள்.

இன்டர்ன்ஷிப்பில் நடக்கும் தவறு எல்லோருக்கும் தெரிந்ததே. ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஒரு கல்வியாண்டில் தொடர்ந்தாற்போல் 4 வாரத்துக்கு மேல் கூடாது என்பது 2008 விதி. நம் ஊரில் சித்தப்பாவோ மாமாவோ வக்கீலாக இருந்தால் 4 வாரமும் ஒரே கையெழுத்தில் முடிந்துவிடும். அந்தப் பையன் என்ரோல் ஆகி வந்த பிறகு குறுக்கு விசாரணை எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியாமல் விழிப்பான். உண்மையாகவே வரும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: கறுப்பு கோட்டும் டையும் போடலாம், வக்கீல்கள் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையான பேண்டு கட்டக் கூடாது. சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்று எழுந்து நின்று வாய்தா கேட்கவும் கூடாது. வழக்கு நடத்தத் தகுதியில்லாதவர் நடத்தினால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு.

என்ரோல்மென்ட் கட்டணத்தில் ஏமாற வேண்டாம். சட்டம் சொல்வது பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். முத்திரைக் கட்டணம் இருந்தால் அது தனி. இதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் பார் தேர்வு. அதில் பாஸ் ஆகும்வரை என்ரோல்மென்ட் தற்காலிகப் பதிவுதான். அந்தத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் பாஸ் பண்ண வேண்டும். "சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுதலாமே" என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கிறேன். கெடு தாண்டினால் பாஸ் ஆகும்வரை கோர்ட்டில் நிற்க முடியாது.

வீட்டுச் செலவுக்காகத் தனியார் கம்பெனியில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டு, சனிக்கிழமை மட்டும் கோட்டு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பார் கவுன்சில் விதி 49 இதற்கு இடம் கொடுக்கவில்லை. வேலைக்குப் போனால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். அவர்களைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. ஜூனியருக்கு மாதம் 15,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், சென்னை, மதுரை, கோவை என்றால் 20,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னதை அடுத்து தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கையும் அனுப்பியது. டெல்டாவில் எத்தனை ஆபீஸில் அது கிடைக்கிறது என்று கேட்டால் எங்கள் தலைமுறை தலையைக் குனிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் சேருகிற அன்றே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு, ஆறு மாதம் பஸ் காசும் வீட்டில் வாங்கி, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது இரண்டு பக்கமும் கசப்பு.

இனி ஆபீஸ் வேலை. ஜூனியர் முதலில் அசட்டை செய்வது நகல் மனுவை, அதாவது தீர்ப்பின் நகல் கேட்டுப் போடும் மனுவை. நானும் செய்தேன். வாய்க்கால் வரப்புத் தகராறு, முன்சீப் கோர்ட்டில் எங்கள் கட்சிக்காரர் தோற்றார். சீனியர் "காப்பி போட்டுடு" என்றார். நான் கேஸ் கட்டை அலமாரியில் வைத்துவிட்டு 26-ஆம் நாள்தான் மனு போட்டேன். மாவட்ட அளவிலான முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். நகலுக்கு மனு போட்ட நாளிலிருந்து நகல் தயாராகும் நாள் வரை கணக்கில் கழிவு கிடைக்கும். அதற்கு முன் தூங்கிய நாளுக்குக் கிடைக்காது. நகல் கையில் வந்தபோது மிச்சம் 5 நாள். அந்த 5 நாளில் கட்சிக்காரரைப் பயிர் வேலையிலிருந்து பிடித்து வந்து, கையெழுத்து வாங்கி, கோர்ட்டுக் கட்டணம் கட்டித் தாக்கல் செய்தோம். சீனியர் திட்டவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. இதில் இன்னொரு பள்ளமும் உண்டு: மனு போட்டால் மட்டும் போதாது. முத்திரைத்தாள் கேட்டு நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவார்கள். அதைப் பார்த்துக் கட்டாமல் விட்டால் மனு தள்ளுபடி, கழிவும் போச்சு.

அடுத்தது நம் மண்ணுக்கே உரிய தவறு. பழைய பத்திரத்தில் "நன்செய் மா 2" என்று இருக்கும், கட்சிக்காரரும் மா கணக்கில்தான் பேசுவார், பட்டாவோ ஹெக்டேரில் இருக்கும். தஞ்சைக் கணக்கில் 100 குழி ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். 20 மா ஒரு வேலி. எனக்குத் தெரிந்த ஒரு ஜூனியர் மாவை ஏக்கராக எண்ணி, 66 சென்ட் நிலத்தைப் பிராதின் சொத்து விவரத்தில் 2 ஏக்கர் என்று அடித்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. கோர்ட்டு அனுப்பிய கமிஷனரும் சர்வேயரும் வயலில் சங்கிலி பிடித்தபோதுதான் வெளிவந்தது. எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. விசாரணை தொடங்கிய பிறகு பிராதைத் திருத்த வேண்டுமானால், கவனமாக இருந்தும் முன்பே கேட்க முடியவில்லை என்று காட்ட வேண்டும். பத்திரம் நம் மேசையிலேயே கிடந்ததே, எதைக் காட்டுவது? பத்திரம், பட்டா, பழைய சர்வே எண், புது சர்வே எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி, கட்சிக்காரரிடம் நான்கு எல்லையையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்த பிறகு டைப்புக்கு உட்காருங்கள்.

நீதிபதி தேர்வு எழுத நினைப்பவர்கள் டைரி எழுதாமல் விடுவது வேறு தவறு. சிவில் நீதிபதி பதவிக்கு 3 வருஷத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி கட்டாயமாக்கியது. தற்காலிகப் பதிவு நாளிலிருந்து அதைக் கணக்கிடலாம். பத்து வருஷ அனுபவமுள்ள வக்கீல் சான்று தர, அந்தக் கோர்ட்டின் தலைமை நீதித்துறை அலுவலர் மேலொப்பமிட வேண்டும். முகமே பார்க்காத ஜூனியருக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? எந்தக் கேஸ், எந்தக் கோர்ட், என்ன வேலை என்று தினமும் இரண்டு வரி எழுதுங்கள். வக்காலத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும், ஆனால் கட்டைப் படிக்காமல் பெயர் போடாதீர்கள். கட்சிக்காரர் பொறுப்புக் கேட்டால் உங்களிடமும் கேட்பார்.

கடைசியாக, மேல்முறையீடு எங்கே போகும் என்று பார்க்காமல் கட்சிக்காரரிடம் வாய்விடாதீர்கள். கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம், உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம்போலவே, சென்னையின் கீழ் வரும். ஒருமுறை எங்கள் ஆபீஸ் ஜூனியர் மயிலாடுதுறைக் கட்சிக்காரரை மதுரைக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டார். அந்தப் பெரியவர் ரயிலடிக்குப் போய்விட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் குமாஸ்தாவுக்கு போன் போட்டதால் தப்பித்தோம்.