பழைய டீசல் எஸ்டேட் கார் வாங்கப் போறீங்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நான் முதன்முதலில் வாங்கிய டீசல் எஸ்டேட் (கூரை கடைசிவரை நீண்டு, பின்னால் பெரிய டிக்கி இருக்கும் ஸ்டேஷன் வேகன்) எட்டு வருடப் பழசு, ஆனால் மீட்டரில் 62,000 கிலோமீட்டர்தான். ஒரே ஓனர், வெளியே ஒரு கீறல் இல்லை, சீட் எல்லாம் புதுசு போல இருந்தது. அந்த 62,000-ஐப் பார்த்த பிறகு வேறு எதையும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வாங்கி மூன்றாவது வாரம், எஞ்சின் ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நின்றது. துணியில் துடைத்து மோந்து பார்த்தால் டீசல் வாடை, விரலில் தேய்த்தால் வழவழப்பே இல்லாமல் நீர்த்துப்போய் இருந்தது. எஞ்சின் ஆயில் நாளாக நாளாகக் குறையலாம், ஏறக் கூடாது. அடுத்த மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி இழுவையை விட்டது, சைலன்சர் லைனில் இருக்கும் புகை வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டி வந்தது. அதற்கு ஆன செலவில் நல்ல டயர் நாலு போட்டிருக்கலாம்.

விற்றவர் பொய் சொல்லவில்லை. வேலைக்குப் போக ஆறு கிலோமீட்டர், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர ஆறு, திரும்பப் போக ஆறு, மாலையில் வர ஆறு. எட்டு வருடமும் வண்டி அப்படியே ஓடியிருக்கிறது. அதை நான் அவரிடம் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அதனால் முதல் தவறு இதுதான்: கிலோமீட்டர் குறைவு என்றால் நல்ல வண்டி என்று நினைப்பது. பெட்ரோல் வண்டியில் இது ஓரளவு சரியாக இருக்கலாம். டீசலில், அதுவும் டிபிஎஃப் என்று சொல்லும் புகை வடிகட்டி வைத்த டீசலில், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எப்படி ஓடியது என்பதுதான் பெரிய விஷயம். அந்த வடிகட்டி கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் அவ்வப்போது அதை எரித்து வாயுவாக்கி வெளியே விடும். எரிய வேண்டுமென்றால் உள்ளே சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போது புகை ஏற்கனவே நல்ல சூட்டில் இருப்பதால் இந்தச் சூட்டை எட்டுவது சுலபம். ஆறு கிலோமீட்டரில் எஞ்சினே முழுசாகச் சூடேறியிருக்காது. கரி நிறையச் சேர்ந்ததும் எஞ்சின் கம்ப்யூட்டர் சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி, அந்த எரிபொருளால் வடிகட்டியைச் சூடாக்கப் பார்க்கும். பாதியில் நீங்கள் சாவியை அணைத்துவிட்டால் வேலை அரைகுறையாக நின்றுவிடும், அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து. இப்படித் தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலக்கும். என் டிப்ஸ்டிக்கில் ஏறியிருந்தது அதுதான். நீர்த்துப்போன ஆயில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையும் பேரிங்கையும் தேய்க்கும், ஆக வடிகட்டிக்கு வந்த நோய் எஞ்சினுக்கும் பரவும். புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வில் கரி அடைவதும் பெரும்பாலும் இதே ஓட்டத்தால்தான்.

இப்போது என்னிடம் யாராவது கேட்டால், ஊருக்குள்ளேயே சுற்றிய 70,000 கிலோமீட்டர் வண்டியைவிட, நெடுஞ்சாலையில் ஓடி, பில்லோடு இருக்கும் 1,80,000 கிலோமீட்டர் வண்டியைத்தான் எடுக்கச் சொல்வேன். கேட்பவர்கள் முகத்தில் நம்பிக்கை வராது, ஆனாலும் அதைத்தான் சொல்வேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, நம்முடைய ஓட்டம் எப்படி என்று யோசிக்காமலே டீசல் என்று முடிவு செய்வது. மைலேஜ் நல்லா வரும், இழுவை நல்லா இருக்கும், எல்லாம் உண்மைதான். ஆனால் தினமும் பத்து கிலோமீட்டருக்குள் ஓட்டம் முடிந்துவிடும், வாரத்தில் ஒரு நாள்கூட அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்ட வழியில்லை என்றால், எவ்வளவு நல்ல டீசலை வாங்கினாலும் அதை நீங்களே கெடுத்துவிடுவீர்கள். அந்த நிலைமையில் பெட்ரோல் எஸ்டேட் தேடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சரி, டீசல்தான் என்று முடிவாகிவிட்டது, வண்டி பார்க்கப் போகிறீர்கள். எல்லோரும் முதலில் பானெட்டைத் திறப்பார்கள். நான் முதலில் பின்னால் போய்க் குனிந்து சைலன்சர் குழாய்க்குள் விரலை விடுவேன், எஞ்சின் ஆறியிருக்கும்போது. வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் குழாயின் உட்புறம் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும், விரலில் லேசான சாம்பல் நிறம் ஒட்டினால் அதிகம். கண்மை மாதிரி கறுப்பாக அப்பிக்கொண்டால், ஒன்று வடிகட்டி உள்ளே உடைந்திருக்கிறது, இல்லையென்றால் யாரோ அதைக் குடைந்து எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டியிருக்கிறார்கள். அப்படி எடுப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம், சோதனையில் வண்டி தேறாது, அந்தத் தலைவலி முழுவதும் உங்கள் தலையில் விழும். வடிகட்டி இல்லாத காலத்து பழைய டீசலில் குழாய் கறுப்பாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐரோப்பாவில் பெஜோ 607 தான் 2000-ஆம் ஆண்டில் இந்த வடிகட்டியை முதலில் கொண்டுவந்தது. புகையைக் கட்டுப்படுத்தும் யூரோ 5 என்ற ஐரோப்பிய விதி வந்த 2009-க்குப் பிறகுதான் ஐரோப்பிய டீசல்களில் இது ஏறக்குறைய எல்லா வண்டியிலும் வந்தது.

அந்த விதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை சகாயமாக இருக்கிறதே என்று யூரோ 5 வண்டியை வாங்கிவிட்டு, அப்புறம் நகரத்துக்குள் நுழையக் கட்டணம் என்று தெரிந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர். லண்டனில் 2019 முதல் யூரோ 6-க்குக் கீழான டீசல் கார் ஓட்டினால் தினக் கட்டணம் கட்ட வேண்டும். யூரோ 6 ஐரோப்பாவில் விற்கும் எல்லாப் புதிய காருக்கும் கட்டாயமானது 2015 செப்டம்பரில். நீங்கள் ஓட்டப்போகிற இடத்தின் விதியை வண்டி பார்க்கும் முன்பே பார்த்துவிடுங்கள், சில விதிகள் வண்டியின் வயதை வைத்தே கதையை முடித்துவிடும்.

அடுத்தது பில். "எல்லாம் சர்வீஸ் பண்ணிதான் வெச்சிருக்கேன்" என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை, காகிதத்துக்குத்தான் மதிப்பு. அதிலும் இரண்டு பில்லைத் தேடுங்கள். ஒன்று டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினின் சுற்றுக்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் பெல்ட். பெரும்பாலான டீசல் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும், எஞ்சின் போச்சு. பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடு மட்டும் இல்லை, வருடக் கெடுவும் உண்டு, அதனால்தான் குறைவாக ஓடிய வண்டிகளில் இதை மறந்துவிடுகிறார்கள். மாற்றியபோது வாட்டர் பம்ப்பும் சேர்த்து மாற்றினார்களா என்று பாருங்கள். இன்னொன்று ஆயில் பில். என்ன கிரேடு ஊற்றினார்கள் என்று அதில் இருக்கும். வடிகட்டி உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும், டப்பாவில் சி2, சி3 போன்ற குறியீடு இருக்கும். கரியை எரிக்கலாம், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது, அது வடிகட்டிக்குள்ளேயே தங்கிவிடும். தப்பான ஆயிலை ஐந்து வருடம் ஊற்றிய வண்டியில் வடிகட்டியின் ஆயுளைப் பாதியாகக் கழித்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டுக்குப் பதில் செயின் என்றால் கவலையே இல்லை என்று சொல்வார்கள், அதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2007-ல் வந்த பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் செயின் தேய்வது ஊரறிந்த பிரச்சினை, போதாக்குறைக்கு அது எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. செயினைத் தொட வேண்டும் என்றால் பெரிய வேலை. அதேபோல் பெஜோ, சித்ரோயன், ஃபோர்டு, வால்வோ எனப் பல வண்டிகளில் வந்த 1.6 லிட்டர் டீசல். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் சீல் கசிந்து, ஆயிலும் தாமதமாக மாற்றினால், கரி கட்டி டர்போவுக்குப் போகும் ஆயில் வழி அடைத்துக்கொள்ளும். டர்போவை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, அடைப்பை எடுக்காவிட்டால் புது டர்போவும் போய்விடும். டர்போ மாற்றிய பில்லை யாராவது பெருமையாக நீட்டினால், ஆயில் குழாயும் மாற்றினார்களா என்று கேளுங்கள். சொல்ல வந்தது, பிராண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், எஞ்சினின் பெயரைக் கண்டுபிடித்து அந்த எஞ்சினுக்கு என்ன வியாதி என்று படியுங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், வேறு எஞ்சின் என்றால் அது வேறு வண்டி.

இனி எஸ்டேட்டுக்கே உரிய விஷயங்கள். இவற்றை யாரும் அதிகம் சொல்வதில்லை, ஆனால் எஸ்டேட்டைப் பெரும்பாலும் சுமை ஏற்றத்தான் வாங்கியிருப்பார்கள், அந்த உழைப்பு எங்கேயாவது தெரியும். பின்பக்க சஸ்பென்ஷனைப் பாருங்கள். சமமான தரையில் நிறுத்திவிட்டு பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தால், பின்புறம் தாழ்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். மெர்சிடஸ் இ கிளாஸ் எஸ்டேட், பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் டூரிங் போன்றவற்றில் சுமைக்கு ஏற்பத் தானே உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் பின் சஸ்பென்ஷன் வரும். ஓட்ட சுகமாக இருக்கும், ஆனால் அந்தச் சஸ்பென்ஷனின் காற்றுப் பை கசிந்தால் சாதாரண ஸ்பிரிங் மாற்றுகிற காசில் முடியாது. அப்படிப்பட்ட வண்டியை முந்தின நாள் இரவு நிறுத்திய இடத்திலேயே காலையில் போய்ப் பாருங்கள், கசிவு இருந்தால் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும்.

டிரெய்லர் கொக்கி மாட்டியிருந்தாலோ, முன்பு மாட்டிக் கழற்றிய தடம் இருந்தாலோ, என்ன இழுத்தார்கள் என்று கேளுங்கள். சின்னச் சாமான் வண்டியா, இரண்டு டன் கேரவனா என்பதில் கிளட்ச்சின் ஆயுள் இருக்கிறது. எஞ்சினை அணைக்கும் நொடியில் கியர்பாக்ஸ் பக்கமிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தால் எஞ்சினின் அதிர்வை அடக்கும் கனமான சக்கரமான டூயல் மாஸ் ஃப்ளைவீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், கிளட்ச்சோடு சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம் டிக்கி. கதவை மேலே தூக்கிவிட்டுக் கையை எடுங்கள், கேஸ் ஸ்ட்ரட் அதைத் தாங்கி நிறுத்துகிறதா? கீல் பக்கத்தில் ரப்பர் உறைக்குள் போகிற வயர்க்கட்டு, திறந்து மூடித் திறந்து மூடி உள்ளே அறுந்துபோகும். பின் வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, டிக்கி லாக், கண்ணாடி ஹீட்டர் நான்கையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கடைசியாக தரை விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் கையை விட்டுத் தடவுங்கள். ஈரம், துரு, புழுங்கிய வாடை இருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ இறங்குகிறது. பின் விளக்கின் கேஸ்கெட்டாக இருக்கலாம், கூரைக் கம்பியாக இருக்கலாம், பின்பக்க மோதலில் வளைந்த தகடாகவும் இருக்கலாம்.

லிட்டர் கணக்கைப் பார்த்து எஸ்டேட்டைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு தவறு. மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹேட்ச்பேக்கின் டிக்கி 590 லிட்டர், எஸ்டேட்டின் டிக்கி 610. இருபது லிட்டர்தான் வித்தியாசம், இதற்காகவா என்று தோன்றும். சீட்டை மடித்தால் 1,580-க்கு எதிராக 1,740. உயரமும் நேரான பின்புறமும்தான் எஸ்டேட்டின் லாபம், அது லிட்டரில் சரியாகத் தெரியாது. நீங்கள் ஏற்றப்போகிற பொருளின் நீளம், அகலம், உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு, டேப்போடு போங்கள். வீல்சேரோ, நாய்க் கூண்டோ, கீபோர்டோ எதுவாக இருந்தாலும் முடிந்தால் அதையே எடுத்துப் போய் ஏற்றிப் பாருங்கள்.

பட்ஜெட்டில் எல்லோரும் சறுக்குகிற இடம், கையில் இருக்கிற மொத்தப் பணத்தையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடுவது. நான் கால்வாசியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை மட்டும்தான் பட்ஜெட் என்று எண்ணுவேன். வாங்கியவுடன் ஆயில், எல்லா ஃபில்டர், பில் இல்லாவிட்டால் பெல்ட், தேவைப்பட்டால் டயர், பிரேக் என்று அது தானாகச் செலவாகும். விலை இறங்கிவிட்டதே என்று பெரிய சொகுசு எஸ்டேட்டை எட்டிப் பிடிக்கவும் வேண்டாம். வண்டியின் விலைதான் இறங்கியிருக்கும், இன்ஜெக்டரின் விலை அந்த வண்டி புதிதாக இருந்தபோது எந்தத் தரத்தில் இருந்ததோ அதே தரத்தில்தான் இன்றும் இருக்கும்.

ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்தாவது கூட்டிப் போங்கள். வடிகட்டியில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது, கடைசியாக எப்போது எரித்துச் சுத்தம் செய்தது, இன்ஜெக்டர்கள் சீராகப் பீய்ச்ச கம்ப்யூட்டர் எவ்வளவு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் பல வண்டிகளில் திரையில் வரும். மீட்டரைத் திருப்பியிருந்தால், வேறு ஏதாவது கம்ப்யூட்டர் பெட்டியில் பழைய எண் மிச்சம் இருக்கவும் வாய்ப்பு உண்டு. நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் கோளாறுப் பதிவு எல்லாம் சுத்தமாக அழிக்கப்பட்டிருந்தால், எதற்காக அழித்தார்கள் என்று கேளுங்கள். ஓட்டிப் பார்ப்பதும் தெருமுனை வரை போதாது. முழுச் சூடு ஏறும் வரை அரைமணி நேரமாவது ஓட்டி, அதில் கொஞ்சம் வேகமான சாலையும் இருக்கட்டும், மேட்டில் உயர் கியரில் மிதித்துப் பாருங்கள், டர்போவோ கிளட்ச்சோ பலவீனமாக இருந்தால் அங்கே காட்டிக்கொடுக்கும்.

போகும் முன் விற்பவருக்கு போன் செய்து, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டீசலின் உண்மை எல்லாம் குளிர்ந்த எஞ்சின் எடுக்கும் முதல் அரை நிமிடத்தில்தான் இருக்கிறது. எத்தனை சுற்றில் பிடிக்கிறது, நடுங்குகிறதா, நீலப் புகையா, வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று அப்போதுதான் பார்க்க முடியும். போய் இறங்கியதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், காரணம் எதுவானாலும் சரி, சண்டை போட வேண்டாம், நாளைக் காலையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.